சாக்பீஸ் கோடு காட்டிய ஆட்டம்

முதலில் கைக்குத்தான் தெரிந்தது. நேரான மண்பாதையில் நிதானமாகப் போய்க்கொண்டிருந்தேன். ஒரு குழியைத் தவிர்க்க ஸ்டியரிங்கை ஒரு விரற்கடை திருப்பினேன். வண்டி உடனே கேட்கவில்லை. ஒரு கணம் சும்மா இருந்துவிட்டுப் பிறகுதான் மூக்கைத் திருப்பியது. நேராக்கும்போதும் அதே தாமதம். பத்து வருடமாக ஓட்டும் வண்டி இது. ஸ்டியரிங் எங்கே கனக்கும், எங்கே இளகும் என்பதெல்லாம் என் உள்ளங்கைக்கு மனப்பாடம். அந்தக் கைக்கே இது புதிதாக இருந்தது.

அடுத்த சில வாரங்களில் இன்னும் சில சேர்ந்துகொண்டன. தார்ச்சாலையில் 80 கி.மீ. வேகத்தைத் தாண்டினால் வண்டி நேர்க்கோட்டில் நிற்காது. சின்னச் சின்னதாகத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு மணி நேரம் ஓட்டினால் தோள்பட்டை வலிக்கும். வரிவரியாக மேடு தட்டிய கரட்டுப் பாதையில் ஸ்டியரிங் கைக்குள் நடுங்கும். நின்ற இடத்திலேயே இடமும் வலமும் திருப்பினால் கால் வைக்கும் இடத்துக்குக் கீழே மந்தமாக ஒரு தட்டல் கேட்கும். இரும்போடு இரும்பு மோதும் கூர்மையான சத்தம் அல்ல. கனமான ரப்பர் செருப்பைத் தரையில் போட்டால் வருமே, அந்த மாதிரி. அந்தச் சத்தத்தின் குணத்தை அன்றைக்கே கவனித்திருந்தால் மூன்று மாதம் மிச்சமாகியிருக்கும். சக்கரத்தைத் தாங்கும் குமிழ் மூட்டான பால் ஜாயிண்ட் தேய்ந்தால் 'டக்' என்று வரும். இரும்புகளுக்கு நடுவே இருக்கும் ரப்பர் உறையான புஷ் போனால் 'தொம்' என்று வரும். இப்போது அந்த வித்தியாசம் தெளிவாகக் கேட்கிறது.

அப்போது தெரியாததால் எல்லோரும் தேடும் வரிசையிலேயே தேடினேன். டயரில் காற்று சரிபார்த்தேன். சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்யும் அலைன்மெண்ட் போட்டேன். இரண்டு வாரம் கழித்து இன்னொரு முறை போட்டேன். இந்த இரண்டு அலைன்மெண்ட் சீட்டிலும் விடை எழுதியிருந்தது, எனக்குத்தான் படிக்கத் தெரியவில்லை. டோ என்பது சக்கரங்களின் முன்பக்கம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு. இரண்டு முறையும் மொத்த டோ அளவு ஏறக்குறைய ஒன்றேதான். ஆனால் இடச் சக்கரத்துக்கும் வலச் சக்கரத்துக்கும் அது பிரிந்திருந்த விதம் மாறியிருந்தது. முதல் முறை நேராக இருந்த ஸ்டியரிங் இரண்டாவது முறை லேசாகச் சாய்ந்து நின்றது. சக்கரத்தைத் தள்ளி இழுக்கும் டை ராடு கம்பியில் ஆட்டம் என்றால் மொத்த அளவே மாறும். மொத்தம் மாறாமல் நடுப்புள்ளி மட்டும் இடம் மாறினால், இரண்டு சக்கரத்தையும் சேர்த்துப் பிடித்திருக்கும் ஏதோ ஒன்று மொத்தமாக நகர்கிறது என்று பொருள். அப்படி இரண்டையும் பிடித்திருப்பது, ஸ்டியரிங்கின் திருப்பலைச் சக்கரங்களுக்குக் கடத்தும் ரேக் மட்டும்தான்.

பட்டறையில் வண்டியைத் தூக்கி, டயரை மணி 3, 9 நிலையில் பிடித்து ஆட்டிப் பார்த்தார்கள். டை ராடு எண்டில் லேசான ஆட்டம் இருந்தது, மாற்றினோம். 12, 6 நிலையில் ஆட்டினார்கள். பால் ஜாயிண்ட்டும் வீல் பேரிங்கும் நன்றாக இருந்தன. ரேக்கின் பின்பக்கம் ஒரு அட்ஜஸ்டர் நட் உண்டு, அதைக் கொஞ்சம் இறுக்கினால் ஆட்டம் போய்விடும் என்றார் ஒருவர். அதற்கு மட்டும் நான் ஒப்புக்கொள்ளவில்லை, அதில் இன்றும் நிம்மதி. அந்த நட் ரேக்கின் பற்களைப் பினியனோடு அழுத்தி வைக்கும் ஸ்பிரிங்குக்கானது. அதை அளவுக்கு மேல் இறுக்கினால் திருப்பத்துக்குப் பிறகு ஸ்டியரிங் தானாக நடுவுக்குத் திரும்பாமல் நின்றுவிடும், பற்களும் தேயும். நோய் ஒரு இடத்தில், மருந்து இன்னொரு இடத்தில்.

ரேக் என்பது பல் வெட்டிய நீண்ட இரும்புத் தண்டு. ஸ்டியரிங்கைத் திருப்பினால் பினியன் என்ற சிறிய பற்சக்கரம் சுழன்று அந்தத் தண்டை இடமோ வலமோ தள்ளும். அதன் இரு முனையிலும் இருக்கும் டை ராடுகள் சக்கரங்களைத் திருப்பும். தண்டு ஓடுவது ஒரு குழாய்க்குள், அதுதான் ஹவுசிங். ஹவுசிங்கை வண்டியின் அடிச்சட்டத்தில் குறுக்கே ஓடும் கிராஸ் மெம்பரோடு போல்ட் போட்டுப் பிடித்திருக்கிறார்கள். ஆனால் இரும்பை இரும்போடு நேராக இறுக்கிவிடுவதில்லை. நடுவில் ரப்பர் புஷ்கள் இருக்கின்றன. கல்லின் அடியும் டயரின் அதிர்வும் அப்படியே கைக்கு வராமல் இருக்கவும், போல்ட் நுழையும் ஹவுசிங்கின் காதுகள் விரிசல் விடாமல் இருக்கவும் அந்த ரப்பர் வேண்டும். கொஞ்சம் விட்டுக்கொடுப்பதற்காகவே செய்யப்பட்ட பொருள் அது. அளவுக்கு மேல் விட்டுக்கொடுக்க ஆரம்பித்துவிட்டால் அதற்கு ஆயுள் முடிந்தது என்று அர்த்தம்.

பவர் ஸ்டியரிங்கில் நடப்பதைப் புரிந்துகொண்டால்தான், பட்டறையில் ஏன் இது அகப்படவில்லை என்பது விளங்கும். ஹைட்ராலிக் ரேக்கில் தண்டின் மேல் ஒரு பிஸ்டன் இருக்கும். ஆயில் அழுத்தம் அந்தப் பிஸ்டனை ஒரு பக்கம் தள்ளுகிறது. அதே அளவு விசை ஹவுசிங்கை எதிர்ப்பக்கம் தள்ளுகிறது. அந்த எதிர்விசையைத் தாங்கி ஹவுசிங்கை நகராமல் நிறுத்துவது புஷ்கள்தான், வேறு யாருமில்லை. பிஸ்டனின் பரப்பு 9 சதுர சென்டிமீட்டர், அழுத்தம் 80 பார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கணக்குப் போட்டால் 7,200 நியூட்டன். ஏறக்குறைய 730 கிலோ எடையை ஒரு பக்கமாகத் தள்ளும் விசை. நின்ற இடத்தில் முழு லாக், அதாவது கடைசி எல்லை வரை திருப்பும்போதும், இரண்டு பாறைக்கு நடுவே சக்கரம் சிக்கி நாம் விடாமல் திருப்பும்போதும் புஷ்ஷின் மேல் விழுவது இந்த மாதிரிச் சுமை.

வண்டியைத் தூக்கி, எஞ்சினை அணைத்துவிட்டு, டயரைக் கையால் ஆட்டும்போது? சக்கரம் அந்தரத்தில் தொங்குகிறது. ஸ்டியரிங் பூட்டப்படாமல் இருந்தால் ஆட்டுகிற விசையில் பெரும்பகுதி தண்டைச் சும்மா ஓட்டுவதிலேயே செலவாகிவிடும். ஹவுசிங்குக்குப் போய்ச் சேரும் விசை மேலே சொன்னதில் பத்தில் ஒரு பங்குகூட இராது. பாதி கிழிந்த ரப்பர்கூட அந்தச் சுமைக்கு அசையாது. சுமை இல்லாதபோது எல்லாப் புஷ்ஷும் நல்ல புஷ்தான்.

இதை நான் கண்டுபிடித்ததற்கு அக்கா மகள் காரணம். கல்லூரி விடுமுறைக்கு வந்திருந்தாள், வண்டி விஷயம் என்றால் உடனே வந்து நிற்பாள். அடியில் இருக்கும் பாதுகாப்புத் தகட்டைக் கழற்றிவிட்டு, வண்டியைத் திறந்த வெளியில், சமதளத்தில், நான்கு சக்கரமும் தரையில் ஊன்றியபடி நிறுத்தினோம். நியூட்ரல், ஹேண்ட் பிரேக், பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை. எஞ்சினை ஓடவிட்டு அவளை ஸ்டியரிங்கில் உட்காரவைத்தேன். நான் முன் பம்பருக்குக் கீழே தலையை மட்டும் நீட்டி டார்ச் அடித்துப் பார்த்தேன். சக்கரம் திரும்பும் இடத்துக்குள் தலையோ கையோ போகக் கூடாது. ஓடும் பெல்ட்டுக்கும் ஃபேனுக்கும் அருகே துப்பட்டாவோ தளர்ந்த சட்டையோ கூடாது. இந்தச் சோதனைக்கு இரண்டு பேர் வேண்டும், அவசரம் கூடாது.

ஒரு பக்கமும் தெளிவாகத் தெரியவில்லை. எண்ணெயும் மண்ணும் அப்பிக் கிடந்தன. எஞ்சினை அணைக்கச் சொல்லிவிட்டு அந்த இடத்தைத் துடைத்தேன். ஹவுசிங்கின் மேல் தொடங்கி அதைப் பிடித்திருக்கும் பிராக்கெட்டின் மேல் முடியும்படி சாக்பீஸால் குறுக்கே ஒரே கோடாக இழுத்தேன். மறுபடி எஞ்சின்.

"திருப்பு. மெதுவா. இடது பக்கம்."

கோடு பிளந்தது. ஹவுசிங்கின் மேல் இருந்த பாதி ஒரு பக்கமும் பிராக்கெட்டின் மேல் இருந்த பாதி அதே இடத்திலும் நின்றன. வலப்பக்கம் திருப்பச் சொன்னேன். ஹவுசிங் மறுபக்கம் நகர்ந்தது, நகர்ந்து முடிக்கும் இடத்தில் அந்தத் 'தொம்'. பிறகு நான் ஸ்டியரிங்குக்குப் போய், அவளைப் பார்க்கச் சொன்னேன்.

"சித்தி, ரேக்கே நடக்குது!"

ஆமாம், நடந்துகொண்டிருந்தது. ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை 4 மி.மீ. அளந்தோம். 4 மி.மீ. என்பது காதில் விழும்போது சின்னதாக இருக்கிறது. ஸ்டியரிங்கை ஒரு முழுச் சுற்றுச் சுற்றினால் ரேக் 50 மி.மீ. போல நகரும் என்று கொண்டால், ஹவுசிங் அதில் 1 மி.மீ. மட்டும் நகர்ந்தாலே ஸ்டியரிங்கில் 7 டிகிரி வீணாகிறது. 38 செ.மீ. விட்டமுள்ள ஸ்டியரிங்கின் விளிம்பில் அது 2.4 செ.மீ. அன்று மண்பாதையில் நான் திருப்பி வண்டி கேட்காமல் போன அந்த ஒரு விரற்கடை இதுதான். சக்கரத்தின் பக்கம் இருந்து பார்த்தாலும் சும்மா இல்லை. டை ராடு தள்ளித் திருப்பும் ஸ்டியரிங் ஆர்ம் 150 மி.மீ. நீளம் என்றால், 1 மி.மீ. நகர்வு சக்கரத்தை 0.4 டிகிரி திருப்பிவிடும். 2.7 மீட்டர் வீல்பேஸ் உள்ள வண்டி 80 கி.மீ. வேகத்தில் போகும்போது, வெறும் ஜியாமெட்ரிக் கணக்கில், அது ஒரு நொடியில் அரை மீட்டருக்கு மேல் பக்கவாட்டில் விலகும். நெடுஞ்சாலையில் வண்டி ஏன் நேராக நிற்கவில்லை என்பது அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. கொஞ்சம் பயமாகவும் இருந்தது. இந்த நிலையில் அவளையும் ஏற்றிக்கொண்டு எத்தனை முறை போயிருக்கிறேன்.

கரடுமுரடான பாதையில் ஓடும் வண்டிகளில் இந்தப் புஷ் சீக்கிரம் போவதற்குக் காரணம் ஒன்றல்ல. பெரிய டயர் போட்டிருப்போம். எடையும் கூடும், தரையில் பதியும் பரப்பும் கூடும். சக்கரம் வெளியே தள்ளி நிற்கும் ரிம் போட்டிருப்போம். டயரில் விழும் ஒவ்வொரு அடியும் இன்னும் நீளமான நெம்புகோலாக ரேக்குக்கு வரும். இரு முன்சக்கரங்களையும் ஒரே வேகத்தில் சுழலவைக்கும் முன் டிஃபரன்ஷியல் லாக் போட்டுத் திருப்பினால் ஸ்டியரிங் எவ்வளவு கனக்கும் என்று ஓட்டியவர்களுக்குத் தெரியும், அந்தக் கனம் முழுக்கப் புஷ்ஷின் மேல்தான். சேறும் மணலும் ரப்பரின் விளிம்பை அரம் போல அராவும். பக்கத்தில் எக்ஸாஸ்ட் ஓடினால் சூட்டில் ரப்பர் இறுகி வெடிக்கும். என் வண்டியில் இன்னொன்றும் இருந்தது: பவர் ஸ்டியரிங் ஹோஸ் ஜாயிண்ட் ஒன்றில் பல காலமாக லேசான கசிவு. சொட்டுகூடச் சொட்டாது, வெறும் ஈரம்தான் என்று விட்டுவைத்திருந்தேன். அந்த ஈரம் புஷ்ஷின் மேல்தான் இறங்கியிருக்கிறது. எண்ணெய் குடித்த இயற்கை ரப்பர் உப்பி, இளகி, விரலால் கிள்ளினால் பிய்ந்து வரும் அளவுக்கு ஆகிவிடும். கழற்றிய மூன்று புஷ்களில் கசிவுக்குக் கீழே இருந்ததுதான் மிக மோசம். கசிவை முதலில் நிறுத்தாமல் புதுப் புஷ் போடுவதில் பயனில்லை.

எல்லா ஆஃப்ரோடு வண்டிக்கும் இந்தக் கதை பொருந்தாது. ஜிம்னி, ராங்ளர் போல முன்பக்கம் திடமான ஆக்ஸில் உள்ளவற்றில் ரேக்கே கிடையாது. உருளும் பந்துகள் வைத்த ஸ்டியரிங் பாக்ஸ் நேராகச் சேசிஸில் இறுக்கப்பட்டிருக்கும். அவற்றில் ஆட்டம் வந்தால் ஆக்ஸிலைப் பிடிக்கும் டிராக் பார், சக்கரத்தைத் திருப்பும் டிராக் லிங்க், பாக்ஸ் என்று வேறு இடத்தில் தேட வேண்டும். லேண்ட் குரூஸர் 1998-இல் 100 வரிசையில் முன்பக்கம் தனித்தனி சஸ்பென்ஷனுக்கும் ரேக் ஸ்டியரிங்குக்கும் மாறியது. அதன் கூடவே வந்த 105 திட ஆக்ஸிலோடும் பழைய பாக்ஸோடும் நின்றுவிட்டது. நேர்ச்சாலையில் துல்லியம் வேண்டுமென்றால் ரேக், அடி தாங்க வேண்டுமென்றால் பாக்ஸ் என்ற பழைய வாதம் ஒரே வண்டியின் இரண்டு வடிவங்களாக நின்றது. ரேக்கைத் தேர்ந்தெடுத்தவர்களுக்குப் புஷ் மாற்றுவது ஒருநாள் வரும் வேலைதான்.

என்ன புஷ் போடுவது என்பதில் நான் நிறைய யோசித்தேன். ரப்பரா, பாலியூரித்தேனா? வண்டி வாங்கியபோது இருப்பது ரப்பர். உள்ளே ஒரு இரும்புக் குழாய், வெளியே ஒரு இரும்புக் கூடு, நடுவில் இரண்டோடும் ஒட்டிப் பிடித்த ரப்பர். அதிர்வை நன்றாக விழுங்கும், கிரீஸ் கேட்காது, சத்தம் போடாது. ஒழுங்காக இருந்தால் வண்டியின் ஆயுளில் பாதிவரை வரும். ஆனால் பல வண்டிகளில் ரேக்கின் புஷ்ஷைத் தயாரிப்பாளர் தனியாகத் தருவதில்லை. ரேக்கோடு முழுசாகத்தான் வாங்க வேண்டும். என் வண்டியும் அப்படித்தான். கையளவு ரப்பருக்காக நன்றாக ஓடும் ரேக்கை வீசுவதற்கு எனக்கு மனம் வரவில்லை.

பாலியூரித்தேன் இதைவிடக் கெட்டி. ரப்பர் புஷ், கடினத்தைக் காட்டும் ஷோர் ஏ அளவில் 50 முதல் 60 என்றால் இது 80-க்கு மேல். எண்ணெய் பட்டால் உப்பாது. இரண்டு பாதியாக வருவதால் பிரஸ் இல்லாமல் கையாலேயே பொருத்தலாம். குறையும் உண்டு. கெட்டியாக இருப்பதால் கல்லில் மோதும் அடி முன்பைவிடக் கைக்கு அதிகம் வரும். சக்கரத்தைப் பிடித்து ஏறி இறங்கும் லோயர் ஆர்மில் பாலி புஷ் போட்டுக் கிறீச்சிடும் வண்டிகளில் உட்கார்ந்திருக்கிறேன், அங்கே அதை நான் போட மாட்டேன். ஆர்ம் ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஏறி இறங்கிச் சுழல வேண்டும். ஒட்டாத பாலி அங்கே உராய்ந்துகொண்டே இருக்கும். ரேக்கின் நிலைமை வேறு. ரேக் சுழல வேண்டியதே இல்லை, இருந்த இடத்தில் நின்றால் போதும். பாலிக்குப் பொருத்தமான வேலை ஒன்று உண்டென்றால் இதுதான் என்பது என் கருத்து. மிகக் கெட்டியானதை மட்டும் தவிர்த்தேன். கொஞ்சமும் கொடுக்காத புஷ் போட்டால் அடுத்துக் கொடுக்கப்போவது ஹவுசிங்கின் அலுமினியக் காது.

வேலைக்கு முந்தின இரவே எல்லாப் போல்ட்டுக்கும் துரு இளக்கும் எண்ணெய் ஊற்றிவைத்தேன். காலையில் ஜாக்கி வைத்துத் தூக்கி, சேசிஸுக்கு அடியில் ஸ்டாண்டு போட்டு, ஒருமுறை தோளால் தள்ளிப் பார்த்து அசையவில்லை என்று உறுதி செய்த பிறகே அடியில் போனேன். சக்கரங்களை நேராக வைத்து, ஸ்டியரிங்கைச் சீட் பெல்ட்டால் கட்டிவிட்டோம். இந்தக் கட்டு முக்கியம். ஸ்டியரிங் கம்பியை ரேக்கிலிருந்து கழற்றிய பிறகு மேலே யாராவது ஸ்டியரிங்கைச் சுற்றிவிட்டால், உள்ளே ஏர்பேக்குக்கும் ஹாரனுக்கும் போகும் சுருள் நாடாக் கேபிள் எல்லை மீறி அறுந்துபோகும். ஏர்பேக் விளக்கு எரிந்தபடியே இருக்கும். விபத்தில் அது விரியாமலும் போகலாம். ஜாயிண்ட்டிலும் பினியன் தண்டிலும் ஒரே நேராக வெள்ளைப் பெயிண்டால் புள்ளி வைத்தேன், திரும்பப் போடும்போது ஒரு பல் மாறிவிடாமல் இருக்க. அந்த ஜாயிண்ட்டின் போல்ட்டைத் தளர்த்தினால் மட்டும் போதாது, முழுசாக வெளியே எடுக்க வேண்டும். அது தண்டில் இருக்கும் பள்ளத்தில் உட்கார்ந்திருக்கும். தெரியாமல் இழுத்துக்கொண்டிருந்தால் நேரம்தான் போகும்.

ஹைட்ராலிக் பைப்புகளைக் கழற்றவில்லை. டை ராடு எண்டுகளை மட்டும் விடுவித்தால், போல்ட்டுகளை எடுத்தபின் ரேக் நான்கு விரல் அகலம் முன்னால் வரும். பழைய புஷ்ஷை எடுக்க அந்த இடம் போதும், பைப் வளையாமல் பார்த்துக்கொண்டால் சரி. கசிந்த ஜாயிண்ட்டை வேறொரு நாள் தனியாக முன்கூட்டியே சரிசெய்திருந்தேன்.

என் வண்டியில் மூன்று புஷ். பினியனுக்கு எதிர்ப்பக்கம் 'டி' வடிவத்தில் ஒன்று, குதிரை லாட பிராக்கெட் அதை அணைத்துப் பிடித்திருக்கும். நான்கு நிமிடத்தில் கையோடு வந்துவிட்டது. பினியன் பக்கம் இரண்டு வட்டப் புஷ், ஹவுசிங்கின் காதுகளுக்குள். நாள் முழுக்க எடுத்துக்கொண்டது அந்த இரண்டும்தான்.

முதலில் போல்ட்டே வரவில்லை. நட் கழன்றுவிட்டது, ஆனால் போல்ட் புஷ்ஷின் உள்குழாயோடு துருப்பிடித்து ஒன்றாகிவிட்டது. சுத்தியலால் அடித்தால் ரப்பர் அடியை விழுங்கிவிடுகிறது. போல்ட் உள்ளே போய்த் திரும்பி வருகிறது. அடியை நிறுத்திவிட்டு, நீளக் கைப்பிடி பானா போட்டு முன்னும் பின்னும் சுழற்ற ஆரம்பித்தேன். போல்ட்டோடு உள்குழாயும் சேர்ந்து சுழன்றது, கிழிந்த ரப்பருக்குள் தாராளமாக. எண்ணெய் விட்டு, சுழற்றி, மறுபடி எண்ணெய் விட்டு, ஒரு மணி நேரம். திடீரென்று போல்ட் மட்டும் தனியாகச் சுழன்றது. அந்த இளக்கம் கைக்குத் தெரிந்த நொடியை நான் மறக்க மாட்டேன்.

உள்குழாயைச் சுற்றி ரப்பரில் மெல்லிய டிரில்லால் வரிசையாகத் துளை போட்டதும் ரப்பர் தளர்ந்து குழாயோடு வெளியே வந்தது. இனி காதுக்குள் மிச்சம் இருப்பது மெல்லிய இரும்புக் கூடு. சில பாலி செட்டுகளில் அந்தக் கூட்டை அப்படியே விட்டுவிடச் சொல்லியிருப்பார்கள். என்னுடையதில் எடுக்க வேண்டும். பெட்டிக்குள் வரும் தாளைப் படித்துவிட்டுத்தான் அதில் கை வைக்க வேண்டும்.

இந்தக் கூட்டை எடுக்க ரப்பரோடு சேர்த்துத் தீ வைத்துவிடுவது சிலருடைய வழக்கம். தயவுசெய்து வேண்டாம். ஒரு ஜாண் தள்ளிப் பவர் ஸ்டியரிங் ஆயில் நிறைந்த பைப், பக்கத்திலேயே ரேக்கின் சீல், ரப்பர் பூட். ஹவுசிங் அலுமினியம், அதிகச் சூட்டில் அதன் வலிமை குறையும், வெளியே பார்த்தால் தெரியாது. ரப்பர் புகையை வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு சுவாசிக்கவும் கூடாது.

நான் ஹேக்ஸா பிளேடைச் சட்டத்திலிருந்து கழற்றி, காதின் துவாரத்துக்குள் நுழைத்து, ஒரு முனையில் துணி சுற்றிப் பிடித்துக்கொண்டு உள்ளிருந்து வெளியாக அறுத்தேன். இரும்புக் கூடு அறுபட வேண்டும், அதற்கு அடுத்திருக்கும் அலுமினியத்தில் கீறல் விழக் கூடாது. கண்ணுக்கு இரண்டும் ஒரே வெள்ளைதான், அதுவும் மல்லாந்து படுத்த நிலையில். அக்கா மகள்தான் வழி சொன்னாள்: "சித்தி, காந்தம் வச்சுப் பாருங்க." விழும் தூளைக் காந்தத்தில் ஒற்றினாள். ஒட்டினால் இரும்பு, இன்னும் அறுக்கலாம். ஒட்டாத தூள் ஒரு சிட்டிகை தென்பட்டதும் "நிறுத்துங்க" என்றாள். அங்கே நிறுத்தினேன். மீதி மெல்லிய பட்டையைச் சின்ன உளியால் உள்பக்கமாகச் சுருட்டினால் கூடு மடிந்து, இறுக்கம் விட்டு வெளியே வந்துவிட்டது. இரண்டாவது காதுக்கு முதலில் ஆன நேரத்தில் பாதிதான் ஆனது. உப்புத்தாளால் துவாரத்தை லேசாகத் தேய்த்துத் துடைத்து, விரலை விட்டுச் சுற்றிப் பார்த்தேன். காந்தத்துக்குத் தப்பிய மெல்லிய கீறல் ஒன்று நகத்துக்குத் தட்டுப்பட்டது, ஆழமில்லை.

பொருத்துவது சுருக்கமான வேலை. புஷ்ஷோடு வந்த சிலிக்கோன் கிரீஸை உள்ளும் புறமும் தடவி, ஒரு பாதியை இந்தப் பக்கம், மறு பாதியை அந்தப் பக்கம் அழுத்தி, புது உள்குழாயை நடுவில் தள்ளினோம். குழாயின் இரு முனையும் பாலியின் விளிம்புக்கு மட்டமாகவோ ஒரு மயிரிழை வெளியிலோ நிற்க வேண்டும். போல்ட் இறுக்குவது அந்தக் குழாயைத்தான். அது உள்ளே அமுங்கிக் கிடந்தால் இறுக்கமெல்லாம் பாலியின் மேல் விழுந்து, நாளடைவில் போல்ட் தளரும். போல்ட்டின் தண்டுக்கு லேசாகத் துரு தடுக்கும் கிரீஸ் தடவினேன், மரையில் படாமல். மரையில் கிரீஸ் பட்டால், இறுக்கத்தை அளக்கும் டார்க் ரெஞ்ச் காட்டும் அளவுக்கு மேல் போல்ட் இழுபடும். மூன்றையும் கையால் போட்டு, ரேக் இயல்பாக உட்கார்ந்ததைப் பார்த்த பிறகே ஒவ்வொன்றாக, வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்ச்சால் இறுக்கினேன். வண்டிக்கு வண்டி அளவு மாறும், இன்னொருவர் சொன்ன எண்ணை எடுத்துக்கொள்ளாதீர்கள். டை ராடு எண்டில் புதுப் பின். பெயிண்ட் புள்ளிகள் நேர். சீட் பெல்ட் கட்டை அவிழ்ப்பது கடைசியில்.

வண்டியைத் தரையில் இறக்கி, அதே இடத்தில் புதிதாக ஒரு சாக்பீஸ் கோடு. இந்த முறை நான் ஸ்டியரிங்கில், அவள் டார்ச்சோடு.

"இடது பக்கம் திருப்புங்க."

"திருப்பிட்டேன்டா."

"வலது?"

"முழுசா போயாச்சு."

கொஞ்ச நேரம் பதிலில்லை. பிறகு, "கோடு அப்படியேதான் இருக்கு சித்தி."

அலைன்மெண்ட்டை மறுபடி போட்டோம். ரேக்கின் நடுப்புள்ளி இடம் மாறியிருப்பதால் இது கட்டாயம். ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் உள்ள வண்டிகளில் பலவற்றில் ஸ்டியரிங் கோணச் சென்சாருக்கும் புதிய நடுப்புள்ளியைச் சொல்லித்தர வேண்டியிருக்கும், இல்லாவிட்டால் விளக்கு எரியும். பிறகு அந்த மண்பாதைக்குப் போனேன். குழி அதே இடத்தில் இருந்தது. ஒரு விரற்கடை திருப்பினேன், வண்டி திரும்பியது. கரட்டில் முன்பைவிட ஒவ்வொரு கல்லும் கைக்குத் தெரிந்தது உண்மை. பாலியின் விலை அது, எனக்குச் சம்மதம். நெடுஞ்சாலையில் தோள்பட்டை வலி நின்றுவிட்டது.

ஆயிரம் கிலோமீட்டர் கழித்துப் போல்ட்டுகளைச் சரிபார்க்க அடித்தகட்டைக் கழற்றினேன். சேறு பாளமாகக் காய்ந்திருந்தது. ஈரத்துணியால் மெதுவாகத் துடைத்தபோது அடியில் சாக்பீஸ் கோடு மங்கலாக மிச்சமிருந்தது. ஹவுசிங்கின் மேல் தொடங்கி, பிராக்கெட்டின் மேல் முடிந்து, ஒரே கோடாக. அதைப் படமெடுத்து அவளுக்கு அனுப்பினேன்.